சேலத்திலிருந்து மலிவு விமானம்: கிலோவுக்கு எவ்வளவு, பி.என்.ஆர் எத்தனை?

சேலத்தின் கமலாபுரம் விமான நிலையத்தில் ஒரு பயணியின் பெட்டி எடை மேடையில் ஏறுகிறது. 26 கிலோ. அவர் பதறவில்லை. சென்னையிலிருந்து துபாய்க்கு எடுத்த டிக்கெட்டில் 30 கிலோ என்று அச்சிட்டிருக்கிறது. ஆனால் கவுன்டரில் இருப்பவர் 11 கிலோவுக்குப் பணம் கேட்கிறார். துபாய் டிக்கெட்டை நீட்டிக் காட்டியும் பயனில்லை. கேட்டவர் சொன்னதும் சரி, பயணி நம்பியதும் சரி. சேலம்–சென்னை ஒரு டிக்கெட், சென்னை–துபாய் வேறொரு டிக்கெட். முதல் விமானத்துக்கு இரண்டாவது விமானத்தைப் பற்றி எதுவும் தெரியாது. அதன் கணக்கில் அவர் சென்னைக்கு மட்டும் போகிற ஆள், அவருக்கு 15 கிலோதான்.

மலிவு விமானங்களில் பணம் போகும் வழிகள் இரண்டு. ஒன்று எடை, இன்னொன்று இணைப்பு. இரண்டும் எங்கே முட்டிக்கொள்கின்றன என்பதைப் புரிந்துகொள்ள, அடிப்படையிலிருந்து வரவேண்டும்.

டிக்கெட்டில் எது அடக்கம், எது இல்லை

மலிவு விமான நிறுவனம் விற்பது ஓர் இருக்கை மட்டும். சாப்பாடு, விருப்பமான இருக்கை, கூடுதல் எடை எல்லாம் தனித்தனிச் சரக்கு. உள்நாட்டில் செக்-இன் லக்கேஜே இல்லாமல் பறப்பவர்களுக்கு விலை குறைத்துத் தரலாம் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. 2021 பிப்ரவரியில் அனுமதித்தது. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் ‘எக்ஸ்பிரஸ் லைட்’ அந்த வகை. தேடும்போது முதலில் கண்ணில் படும் குறைந்த விலை பெரும்பாலும் இதுதான். 15 கிலோ இருக்கும் என்று நினைத்து எடுத்துவிட்டுக் கவுன்டரில் விழிப்பவர்கள் அதிகம்.

அடிக்கடி வரும் சொற்கள் சில:

1. கேபின் பை: கையோடு உள்ளே கொண்டுபோவது. இந்தியாவில் எகானமி வகுப்புக்கு ஒரு பை, 7 கிலோ. இண்டிகோவில் இதோடு லேப்டாப் பை அல்லது பெண்கள் கைப்பை ஒன்று, 3 கிலோவுக்குள், தனியாக உண்டு.
2. செக்-இன் லக்கேஜ்: கவுன்டரில் ஒப்படைப்பது. உள்நாட்டு வழக்கம் 15 கிலோ. ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டக்கூடாது. நீங்கள் பணம் கட்டத் தயார் என்றாலும் தாண்டக்கூடாது. தூக்குபவரின் முதுகுக்காக வைத்த வரம்பு அது.
3. பி.என்.ஆர்: ஆறு எழுத்துகளும் எண்களும் கலந்த பதிவுக் குறியீடு. விமான நிறுவனத்துக்கும் உங்களுக்கும் உள்ள ஒப்பந்தத்தின் எண் என்று எடுத்துக்கொள்ளலாம்.
4. நோ-ஷோ: டிக்கெட் எடுத்துவிட்டு ஏறாமல் விடுவது.

கிலோக் கணக்கு

எடைக்கான விலை எங்கே, எப்போது கட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்து மாறும். டிக்கெட் எடுக்கும்போதோ, பிறகு நிறுவனத்தின் ஆப்பிலோ 3, 5, 10 கிலோ என்று கட்டுக்கட்டாக வாங்கினால் ஒரு விலை. கவுன்டரில் கிலோ கிலோவாகக் கட்டினால் அதைவிடக் கூடுதல். உள்நாட்டில் கவுன்டர் விலை கிலோவுக்கு 500 ரூபாயைத் தாண்டி நாளாகிவிட்டது. 600 என்று வைத்துக்கொண்டாலும், மேலே சொன்ன 11 கிலோவுக்கு 6,600 ரூபாய். சேலம்–சென்னை டிக்கெட்டே பல நாள் அதைவிடக் குறைவு.

இதில் கவனிக்க வேண்டியவை:

1. பெட்டியின் சொந்த எடை. கெட்டி ஓடு போட்ட பெரிய சக்கரப் பெட்டி காலியாகவே 4 முதல் 5 கிலோ. 15 கிலோ அனுமதியில் மூன்றில் ஒரு பங்கு பெட்டிக்கே போய்விடும். துணிப்பை 1 கிலோவுக்குள் அடங்கும். கேபின் சக்கரப் பெட்டியும் அப்படித்தான்: 7 கிலோவில் 2.5 முதல் 3 கிலோவைப் பெட்டியே தின்றுவிடும்.
2. குடும்பம் சேர்ந்து போனால். ஒரே பி.என்.ஆரில் மூன்று பேர் என்றால் மொத்தம் 45 கிலோ. ஒரு பெட்டி 20, இன்னொன்று 12, மற்றொன்று 13 என்று இருந்தாலும் சேர்ந்தே கவுன்டருக்குப் போனால் கூட்டிப் பார்ப்பார்கள். அண்ணன் தனியாகவும் தம்பி தனியாகவும் டிக்கெட் எடுத்திருந்தால் இந்தச் சலுகையைக் கேட்க முடியாது. பத்து ரூபாய் சலுகைக்காகத் தனித்தனியாக டிக்கெட் போடுபவர்கள் இங்கே தோற்கிறார்கள்.
3. வீட்டுத் தராசு. கையில் தொங்கவிட்டுப் பார்க்கும் டிஜிட்டல் தராசு ஒரு கிலோ கூடுதல் எடைக்குக் கட்டும் பணத்துக்கே கிடைக்கும். குளியலறைத் தராசு இருந்தால் பெட்டியோடு ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்துக்கொள்ளலாம். இரண்டிலும் அரைக் கிலோ பிசகும். 15க்கு 14.5 என்று நிறுத்துவது நல்லது.
4. பன்னாட்டு மலிவு விமானங்கள். திருச்சியிலிருந்தும் கோவையிலிருந்தும் சிங்கப்பூர் போகும் ஸ்கூட்டின் அடிப்படை டிக்கெட்டில் கேபின் 10 கிலோ உண்டு, செக்-இன் கிடையாது. கோலாலம்பூர் போகும் ஏர்ஏசியாவில் இரண்டு பை சேர்த்து 7 கிலோ, செக்-இன் இல்லை. பெட்டி உண்டு என்றால் டிக்கெட்டோடு சேர்த்தே வாங்கிவிட வேண்டும்.

டிக்கெட் பக்கத்தில் கடைசி நிமிடம் சேரும் சில்லறைகளும் உண்டு. ஆளுக்கு, பயணத்துக்கு ஒன்று என்று வசதிக் கட்டணம். தானாகவே டிக் அடித்து நிற்கும் பயணக் காப்பீடு. இருக்கை வரைபடத்தில் விலை போட்ட சீட்டுகள். சீட்டுக்குப் பணம் கட்டித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. கட்டாமல் கடந்தால் மிச்சமிருப்பதில் ஒன்று கிடைக்கும்.

சேலத்து மூட்டையில் இருப்பவை

நம் ஊர்க்காரர் பெட்டியில் என்ன இருக்கும் என்பது ஊருக்கே தெரியும். மாம்பழம், ஜவ்வரிசி, வெல்லம், ஏற்காட்டுக் காப்பித்தூள், மிளகு, ஊறுகாய், கொலுசு.

கொப்பரைத் தேங்காயைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். வீட்டில் அது மளிகைச் சாமான். விமானத்தில் அது ஆபத்தான பொருள். எண்ணெய்ச் சத்து அதிகம் என்பதால் சூடேறித் தானே தீப்பிடிக்கும் பொருள்களின் பட்டியலில், ஐ.நா. எண் 1363 இட்டு, கொப்பரை இருக்கிறது. கைப்பை, பெட்டி எதிலும் வேண்டாம். எக்ஸ்ரேயில் தெரிந்தால் பெட்டியைத் திறக்க உங்களைக் கூப்பிடுவார்கள்; அதற்குள் விமானமே போய்விடலாம்.

ஊறுகாய், நெய், தேன் மூன்றையும் செக்-இன் பெட்டியில் வைப்பதே நிம்மதி. பன்னாட்டு விமானத்தில் கைப்பையில் எந்தத் திரவமும் ஒரு டப்பாவுக்கு 100 மில்லிக்கு மேல் போகாது. சேர்வராயன் மலைத்தேன் பாட்டில் அங்கேயே நின்றுவிடும். மூடியை இறுக்கி, பிளாஸ்டிக் பையில் கட்டி, துணிகளுக்கு நடுவில் வைத்தால் போதும்.

பவர் பேங்க் நேர் எதிர். அது கைப்பையில் மட்டும்தான். 100 வாட்-அவர் வரை தனி அனுமதி தேவையில்லை. டப்பாவில் மில்லி ஆம்பியர்தான் போட்டிருப்பார்கள். அதை 1,000ஆல் வகுத்து 3.7ஆல் பெருக்கினால் கணக்கு வரும். 20,000 என்றால் 74 வாட்-அவர்.

கொலுசும் நகையும் பெட்டிக்குள் போகவே கூடாது. தொலைந்தால் கிடைக்கும் இழப்பீட்டின் உச்சவரம்பு கொலுசின் விலையைப் பார்த்து வைத்ததல்ல.

ஒரே பி.என்.ஆரா, இரண்டா?

முழுப் பயணமும் ஒரே பி.என்.ஆரில் இருந்தால், உங்களைக் கடைசி ஊர் வரை கொண்டுசேர்ப்பது நிறுவனத்தின் பொறுப்பு. முதல் விமானம் தாமதமாகி அடுத்தது போய்விட்டால் வேறு விமானத்தில் ஏற்ற வேண்டியது அவர்கள். பன்னாட்டுப் பயணத்துக்கான எடை அனுமதி உள்நாட்டுப் பகுதிக்கும் நீளும். சேலத்தில் பெட்டியில் ஒட்டும் அடையாளச் சீட்டான டேக் கடைசி ஊர் வரைக்குமானது.

இரண்டு பி.என்.ஆர் என்றால் எல்லாம் தலைகீழ். முதல் விமானம் மூன்று மணி நேரம் தாமதமானாலும் இரண்டாவது நிறுவனத்தின் கணக்கில் நீங்கள் நோ-ஷோ. அந்த டிக்கெட்டில் திரும்பக் கிடைப்பது விமான நிலையக் கட்டணம், வரி போன்றவை மட்டும். அவற்றையும் கேட்டு வாங்க வேண்டும்; திரும்பக் கிடைக்காத டிக்கெட் என்றாலும் அவற்றைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

2025 டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ ஆயிரக்கணக்கில் விமானங்களை ரத்து செய்தபோது பலருக்கு வந்த குழப்பம் இதுதான். ரத்தான விமானத்துக்குப் பணம் திரும்பியது. அதை நம்பி எடுத்திருந்த வேறு நிறுவனத்தின் டிக்கெட்டுக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை.

சேலத்துக்காரர்கள் குறிப்பாக மாட்டிக்கொள்ளும் பொறிகள் சில உண்டு.

1. ஒரே பில், இரண்டு பி.என்.ஆர். பயண இணையதளங்கள் இரண்டு நிறுவனங்களின் விமானங்களைக் கோத்து ஒரே தொகையாக விற்கும். புக்கிங் எண் ஒன்றாக இருக்கும். உள்ளே பார்த்தால் இரண்டு பி.என்.ஆர் இருக்கும். பணம் கட்டும் முன், ‘லக்கேஜை எடுத்து மீண்டும் செக்-இன் செய்ய வேண்டும்’ என்ற சிறு எழுத்து எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள்.

2. பாதியில் ஏறலாம் என்ற நினைப்பு. சேலம்–சென்னை–சிங்கப்பூர் ஒரே பி.என்.ஆரில் எடுத்துவிட்டு, ‘சென்னையில் ஒரு கல்யாணம், முந்தின நாளே காரில் போய்விடுவோம்’ என்று கிளம்புகிறவர்கள் உண்டு. சேலத்தில் ஏறாவிட்டால் நோ-ஷோ. அதற்குப் பின்னால் உள்ள எல்லா விமானமும் சேர்ந்தே ரத்தாகும். சென்னைக் கவுன்டரில் போய் நின்றால் பெயரே இருக்காது. திட்டம் மாறினால் முன்கூட்டியே நிறுவனத்திடம் பேசி டிக்கெட்டை மாற்ற வேண்டும்.

3. வெளிநாட்டில் பெட்டி எடுப்பது. திருச்சி–சிங்கப்பூர் ஒரு டிக்கெட், சிங்கப்பூரிலிருந்து வேறு ஊருக்கு இன்னொரு டிக்கெட் என்றால், செக்-இன் பெட்டியை எடுக்கக் குடிநுழைவைத் தாண்டி வெளியே வரவேண்டும். அதற்கு இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா தேவை. விசா இல்லை என்று தெரிந்தால் திருச்சியிலேயே ஏற்ற மறுக்கலாம். ஒரே பி.என்.ஆரில், பெட்டி நேராகப் போகும்படி எடுத்தால் இந்தச் சிக்கல் இல்லை.

4. திரும்பி வரும்போது. ஒரே பி.என்.ஆராக இருந்தாலும், இந்தியாவில் முதலில் இறங்கும் ஊரில் பெட்டியை எடுத்துச் சுங்கத்தைத் தாண்டி, உள்நாட்டு விமானத்துக்கு மறுபடியும் ஒப்படைப்பதுதான் பொது நடைமுறை. ‘சேலம் வரை டேக் போட்டார்களே’ என்று பெட்டிகள் வரும் பெல்ட்டைப் பார்க்காமல் போனால் பெட்டி சென்னையிலேயே தங்கிவிடும்.

சென்னையில் எத்தனை மணி நேரம் இடைவெளி?

நிறுவனம் ஒரே பி.என்.ஆரில் விற்கும் இணைப்பில் குறைந்தபட்ச நேரத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். நீங்களாகக் கோக்கும் இணைப்புக்கு நீங்கள்தான் கணக்குப் போட வேண்டும். இறங்கிப் பேருந்தில் முனையத்துக்கு வர 15 நிமிடம். பெல்ட்டில் பெட்டி வர 20 நிமிடம். சென்னையில் டி1, டி4 உள்நாடு, டி2 பன்னாடு. பெட்டியோடு நடக்க 10 முதல் 15 நிமிடம். அடுத்து வரிசை. பன்னாட்டுக் கவுன்டர் புறப்பாட்டுக்கு 60 முதல் 75 நிமிடம் முன்பே மூடிவிடும். எல்லாம் சரியாக நடந்தாலே இரண்டரை மணி நேரம். ஒரு மணி நேரத் தாமதத்துக்கு இடம் விட்டால் குறைந்தது நான்கு மணி நேரம் வேண்டும். மார்கழிக் காலைப் பனி, ஐப்பசி மழை நாட்களில் நான்கும் போதாது. முந்தின நாளே போய்விடுவது மேல்.

பெங்களூரு வழி என்றால் இன்னொரு சங்கதி. அங்கே பன்னாட்டு விமானங்கள் டி2வில். இண்டிகோவின் உள்நாட்டு விமானங்கள் டி1இல். இரண்டுக்கும் இடையே ஷட்டில் பேருந்து பிடிக்க வேண்டும்.

சின்ன விமானம், சின்ன நிலையம்

சேலத்துக்கு வருவது ஏ.டி.ஆர் 72 வகை சுழல்விசிறி விமானம். 70 முதல் 78 இருக்கை. ஓடுபாதை சுமார் 1,800 மீட்டர்தான். பயணிகள் வால்பக்கக் கதவு வழியாக ஏறுகிறார்கள். பெட்டிகள் விமானியறைக்குப் பின்னால் உள்ள அறையில் போகின்றன. தலைக்கு மேல் உள்ள அலமாரி ஏர்பஸ்ஸில் இருப்பதைவிடச் சிறியது. பெரிய விமானத்தில் சாதாரணமாக நுழையும் கேபின் பெட்டி இதில் நுழையாமல், ஏறும் இடத்திலேயே வாங்கி அந்த அறையில் போட்டுவிடுவார்கள். அதற்குள் லேப்டாப், மருந்து, பாஸ்போர்ட் இருந்தால் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. சேலத்தில் விமான சேவை நிற்பதும் வருவதுமாகவே இருந்திருக்கிறது. 1993இல் தொடங்கி நின்றது. 2009இல் கிங்ஃபிஷர் வந்து போனது. சிறு ஊர்களுக்கு மலிவு விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் 2018 மார்ச்சில் ட்ரூஜெட் வந்து 2021இல் நின்றது. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏரும் இண்டிகோவும் வந்தன. ஆறு மாதம் கழித்துப் போகும் வெளிநாட்டுப் பயணத்தைச் சேலம் விமானத்தோடு தனி பி.என்.ஆரில் கட்டிவைப்பது, இந்த வரலாறு தெரிந்தவர் செய்யும் வேலையல்ல.

சாலையில் போனால்

இரண்டு பி.என்.ஆர் என்றால் முதல் விமானத்தையே விட்டுவிட்டுச் சாலையிலோ ரயிலிலோ போவது பல நேரம் மலிவு. எடைக் கட்டணம் மிச்சம், இணைப்புப் பயமும் இல்லை.

கோவை விமான நிலையம் சுமார் 160 கிலோமீட்டர். பீளமேட்டில், அவிநாசி சாலையில், நகரத்துக்குள் நுழையும் முன்பே வந்துவிடும் என்பது நமக்கு வசதி. திருச்சி நாமக்கல் வழியாக 140 கிலோமீட்டர் அளவில். சிங்கப்பூர், மலேசியா போகிறவர்களுக்கு என் முதல் தேர்வு இதுதான். பெங்களூரு காகிதத்தில் 200 கிலோமீட்டர். ஆனால் விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளி நகரத்துக்கு வடக்கே இருக்கிறது. தொப்பூர் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்தால் ஒரு மணி நேரம் போச்சு. ஓசூருக்கு அப்பால் சில்க் போர்டு, ஹெப்பாள் நெரிசல் தனி. ஏழு மணி நேரத்துக்குக் குறைவாகக் கணக்குப் போடாதீர்கள்.

சென்னைக்கு ரயில் நல்ல வழி. சென்ட்ரலில் இறங்கினால் மெட்ரோ நேராக விமான நிலையத்துக்குப் போகிறது. ஆத்தூர், விருத்தாசலம் வழி எழும்பூர் போகும் ரயிலில் தாம்பரத்திலேயே இறங்கிவிடலாம். அங்கிருந்து மின்சார ரயிலில் திரிசூலம், எதிரே விமான நிலையம். பேருந்து என்றால் கிளாம்பாக்கத்தில் இறங்க வேண்டியிருக்கும். பெட்டியோடு அங்கிருந்து மீனம்பாக்கம் வருவதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

ஏற்காட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் கமலாபுரத்துக்கே இரண்டரை மணி நேரம் முன்னதாக இறங்கத் தொடங்க வேண்டும். 20 கொண்டை ஊசி வளைவு. சனி, ஞாயிறு கூட்டம், மே மாதக் கோடை விழா, மழைக்காலத்தில் சரியும் பாறை. உள்நாட்டுக் கவுன்டர் 60 நிமிடம் முன்பு மூடினால் மூடியதுதான்.

தாமதம், ரத்து, தொலைந்த பெட்டி

டி.ஜி.சி.ஏ. விதிப்படி உங்களுக்குச் சேரவேண்டியவை:

1. சேலம்–சென்னை போன்ற குறுகிய பயணத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் சிற்றுண்டியும் பானமும்.
2. 6 மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம். எதை எடுப்பது என்பது உங்கள் விருப்பம்.
3. உரிய முன்னறிவிப்பு இல்லாமல் ரத்து செய்தால், மாற்று விமானம் அல்லது பணத்தோடு இழப்பீடும் உண்டு. ஒரு மணி நேரம் வரையிலான பயணத்துக்கு 5,000 ரூபாய் அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை; இரண்டில் எது குறைவோ அது. வானிலை போன்ற காரணம் என்றால் இழப்பீடு இல்லை.

பெட்டி வரவில்லை அல்லது உடைந்து வந்தது என்றால், பெல்ட் இருக்கும் அறையை விட்டு வெளியே வரும் முன்பே நிறுவனத்தின் ஊழியரிடம் பி.ஐ.ஆர். எனப்படும் லக்கேஜ் குறைபாட்டு அறிக்கையை எழுதி வாங்குங்கள். வெளியே வந்து ஆட்டோவில் ஏறிய பிறகு, பெட்டி உள்ளேயே உடைந்திருந்தது என்று நிறுவுவது கடினம். டேக் ஒட்டிய போர்டிங் பாஸையும் பெட்டியின் படத்தையும் சேர்த்து வையுங்கள். பன்னாட்டுப் பயணத்தில் உடைந்த பெட்டிக்கு 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்த பெட்டிக்குக் கையில் கிடைத்ததிலிருந்து 21 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். வரவேண்டிய நாளிலிருந்து 21 நாள் ஆகியும் வராத பெட்டி தொலைந்ததாகக் கணக்கு. உள்நாட்டில் உச்ச இழப்பீடு 20,000 ரூபாய். ஒரே பி.என்.ஆரில் வந்தவர் புகாரைக் கடைசியாகப் பறந்து வந்த நிறுவனத்திடம் கொடுத்தால் போதும். இரண்டு பி.என்.ஆரில் வந்தவர், பெட்டி எந்த விமானத்தில் போனது என்பதைத் தானே கண்டுபிடித்து அந்த நிறுவனத்திடம்தான் போக வேண்டும்.